கட்டளைக்கு முந்தைய வரி

டெர்மினலைத் திறந்ததும் வந்து நிற்கிற அந்த ஒரு வரிக்குப் பெயர் ப்ராம்ப்ட். இப்போதெல்லாம் இந்தச் சொல்லைச் சொன்னாலே ஏஐ-யிடம் கெஞ்சிக் கேட்பதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். நான் சொல்வது பழைய ப்ராம்ப்ட். மெஷின் நம்மிடம் பேசுவது. சபா நாடகங்களில் சைடு விங்கில் ஒருவர் கையில் நோட்டோடு நின்றுகொண்டு, வசனம் மறந்து முழிக்கிற நடிகருக்கு அடிக்குரலில் எடுத்துக் கொடுப்பாரே, அதையும் ப்ராம்ப்ட் பண்ணுவது என்றுதான் சொல்வார்கள். எனக்கு அந்த அர்த்தம் பிடிக்கும். நீ இப்போ இந்த ஃபோல்டரில் இருக்கிறாய், இன்னாராக உள்ளே வந்திருக்கிறாய், கடைசியாகச் சொன்ன வேலை முடிந்தது அல்லது முடியவில்லை, அடுத்ததைச் சொல்லு. இவ்வளவையும் ஒரு வரியில் சொல்லிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

ஆரம்பத்தில் இதற்கு ஒற்றைக் குறியே போதுமாக இருந்தது. போர்ன் ஷெல்லில் $, சி ஷெல்லில் %. ரூட்டாக, அதாவது எதை வேண்டுமானாலும் அழிக்கிற அதிகாரத்தோடு உள்ளே வந்திருந்தால் #. அந்த # தெரிந்தால் கை கொஞ்சம் நிதானிக்க வேண்டும் என்பது அந்தக் காலத்திலிருந்தே உள்ள மரியாதை. 1990-இல் பிரின்ஸ்டனில் படித்துக்கொண்டிருந்த பால் ஃபால்ஸ்டட் எழுதிய இசட்-ஷெல்லும் % பக்கம்தான். 2019-இல் மேக் கணினிகளின் கேட்டலினா பதிப்பு அதையே இயல்பான ஷெல்லாக வைத்ததும், கேள்வியே படாத பலரும் ஒரே நாளில் இசட்-ஷெல்காரர்கள் ஆகிப்போனோம்.

நான் கோவையில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை செய்கிறேன். அடுத்தவர்களுடைய சர்வர்களை ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்கிற வேலை. எங்கள் ஆபீஸில் ப்ராம்ப்ட்டை அலங்கரிப்பது பைக்குக்கு ஸ்டிக்கர் ஒட்டுவது மாதிரி. 2009-இலிருந்து இருக்கிற ஓ-மை-இசட்-ஷெல்லைப் போட்டால் நூற்றுக்கும் மேல் தீம்கள் கூடவே வரும். அம்புக்குறி வைத்தது, பட்டை பட்டையாகக் கலர் அடித்தது, பேட்டரி சதவீதம் காட்டுவது. நானும் ஒன்று வைத்திருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் என்டர் தட்டினால் அடுத்த வரி வர அரை விநாடிக்கு மேல் ஆகும்.

காரணம் எளிது. ப்ராம்ப்ட்டில் கிட் கிளையின் பெயரும், மாற்றம் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்ற குறியும் வர வேண்டுமென்றால் தீம் ஒவ்வொரு தடவையும் கிட்டைக் கூப்பிட்டுக் கேட்கிறது. கிட் அந்த ரெப்போவின் ஃபைல்களையெல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்லும். ஆயிரக்கணக்கில் ஃபைல்கள் இருந்தால் அந்தச் சுற்று முடிகிறவரை நாம் காத்திருக்க வேண்டும். வெறும் `எல்எஸ்` அடித்தாலும் இதே கதை.

அரை விநாடிக்கெல்லாம் அலுத்துக்கொள்வதா என்று கேட்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை. ஆனால் நேரம் வீணாவதைவிட மோசமான ஒன்று அங்கே நடக்கிறது. கை கண்ணை முந்திவிடுகிறது. ப்ராம்ப்ட் வருவதற்குள் அடுத்த கட்டளையைத் தட்டி முடித்திருப்போம். அது வரும்போது படிக்க ஆளில்லை. தாமதமாக வருகிற ப்ராம்ப்ட் என்ன உண்மையைச் சொன்னாலும் யாரும் பார்ப்பதில்லை. எங்கள் வேலையில் ராத்திரி இரண்டு மணிக்கு அது பெரிய விஷயம்.

பவர்லெவல்-10கே என்ற தீமுக்கு நான் போனது இதற்காகத்தான். ரோமன் பெரெபெலிட்சா என்பவர் எழுதியது. பவர்லெவல்-9கே என்று முன்பே ஒன்று இருந்தது. அதன் அமைப்புகளையெல்லாம் அப்படியே ஏற்றுக்கொண்டு, உள்ளே இருந்த இயந்திரத்தை மட்டும் புதிதாகச் செய்தார். கிட்டைத் தடவைக்குத் தடவை கூப்பிடுவதற்குப் பதிலாக, சி++-இல் எழுதிய ஒரு குட்டி புரோகிராம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். தீம் அதனிடம் கேட்கும், அது உடனே சொல்லும். ரெப்போ ரொம்பப் பெரிதாக இருந்து பதில் தாமதமானால், கடைசியாகத் தெரிந்த நிலையைச் சாம்பல் நிறத்தில் காட்டிவிட்டு, பதில் வந்ததும் அந்த இடத்தை மட்டும் மாற்றும். பழைய தகவலைப் பழையது என்று சொல்லியே கொடுப்பது எனக்கு ரொம்பப் பிடித்த குணம். மனிதர்களிடம் அதிகம் பார்க்க முடிவதில்லை.

டெர்மினல் திறக்கிற நேரத்துக்கும் ஒரு தந்திரம் உண்டு. இன்ஸ்டன்ட் ப்ராம்ப்ட் என்று பெயர். மற்ற அமைப்புகள் எல்லாம் ஏறி முடிவதற்கு முன்பே, சேமித்து வைத்திருக்கிற ப்ராம்ப்ட்டைத் திரையில் வைத்துவிடும். நாம் தட்ட ஆரம்பித்துவிடலாம். பின்னால் மிச்ச வேலை நடக்கும். இதே ஆள், எவ்வளவு தாமதம் மனிதருக்குத் தெரியாது என்பதையும் தன்மேலேயே சோதித்து அளந்தார். முதல் ப்ராம்ப்ட்டுக்கு 50 மில்லிவிநாடி, ஒரு கட்டளைக்கும் அடுத்ததற்கும் நடுவே 10, எழுத்தைத் தட்டி அது திரையில் வர 20. இதற்குள் இருந்தால் சுழியத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது என்பது அவர் கணக்கு. ஒரு மனுஷன் இதற்காக உட்கார்ந்து அளந்திருக்கிறான் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன். பொள்ளாச்சிப் பக்கம். முதல் வேலை. அடுத்த மாதத்திலிருந்து அவனும் ராத்திரி ஷிஃப்ட் தனியாகப் பார்க்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அவன் லேப்டாப்பிலும் இதையே போட்டுவிடலாம் என்று ஒரு மத்தியானம் உட்கார்ந்தோம்.

"அக்கா, எல்லாம் கட்டம் கட்டமா வருதே?"

எல்லோருக்கும் முதலில் வருகிற கட்டம்தான் அது. இந்தத் தீம் பயன்படுத்துகிற கிளைக்குறி, பூட்டுப் படம் எல்லாம் சாதாரண எழுத்துருவில் கிடையாது. மெஸ்லோ நெர்ட் ஃபாண்ட்டை இறக்கி, டெர்மினலின் அமைப்பில் போய் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். எழுத்துருவை நிறுவினால் மட்டும் போதாது. பலர் அங்கேதான் நிற்பார்கள். அதற்குப் பிறகு வழிகாட்டி கேள்வி கேட்க ஆரம்பிக்கும். இது சாய்சதுரம் மாதிரித் தெரிகிறதா? இது பூட்டு மாதிரித் தெரிகிறதா? இந்தப் படங்கள் எல்லாம் குறுக்குக் குறிகளுக்கு நடுவே அடங்குகின்றனவா? கண் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டிக் கேட்பது போலவே இருக்கும். நம் பதிலை வைத்துத்தான் எந்தக் குறிகளைப் பயன்படுத்தலாம் என்று அது முடிவு செய்கிறது. பிறகு லீன், கிளாசிக், ரெயின்போ, ப்யூர் என்று நான்கு பாணிகள். அவன் ரெயின்போவைத் தொட்டான், நான் லீனைச் சொன்னேன். கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு லீனுக்கு வந்தான்.

இந்த இடத்தில் ஒரு சின்ன வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். என் சொந்த லேப்டாப்பில் 'கட்டுரைகள்' என்று தமிழிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதற்குள் போனால் ப்ராம்ப்ட் கோணிக்கொள்ளும், கர்சர் இரண்டு எழுத்து தள்ளி நிற்கும். டெர்மினல் என்பது சம அளவுக் கட்டங்களால் ஆனது. நம் கொம்பும் காலும் புள்ளியும் எத்தனை கட்டம் என்பதில் பல டெர்மினல்களுக்கு இன்னும் குழப்பம். அதைத் தீம் சரிசெய்ய முடியாது.

எல்லாம் முடிந்ததும் அவனுக்கு விளக்கினேன். கட்டளை சரியாக முடிந்தால் கடைசியில் இருக்கிற ❯ குறி பச்சையாக இருக்கும், தோற்றால் சிவப்பாகும், பார்த்துக்கோ என்றேன். வேண்டுமென்றே இல்லாத ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லித் தோற்க வைத்தேன்.

அவன் திரையையே பார்த்தான். "அக்கா, எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு."

"என்னப்பா சொல்றே?"

"எனக்குச் சிவப்பு பச்சை பிரியாதுங்க்கா. ஸ்கூல்லயே தெரியும். இன்டர்வியூல யாரும் கேக்கல, நானும் சொல்லல."

சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்ல ஒரு பழைய கதைக்குப் போக வேண்டும்.

2017 ஜனவரி 31. கிட்லேப் தளத்தின் டேட்டாபேஸில் சிக்கல். பிரதான சர்வரின் நகல் பின்தங்கிப்போனது. நகல் சர்வரில் இருக்கிற பழைய டேட்டாவை அழித்துவிட்டு மறுபடி நகலெடுக்கலாம் என்று, இரவு வெகுநேரம் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு இன்ஜினியர் அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஒன்றிரண்டு விநாடியில் அவருக்கே புரிந்துவிட்டது, தான் நிற்பது நகல் சர்வரில் இல்லை என்று. நிறுத்தினார். ஏறக்குறைய 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிச்சம். இரண்டு சர்வர்களின் பெயரிலும் வித்தியாசம் ஒரே எழுத்து: ஒன்று டிபி1, மற்றது டிபி2. பேக்கப் எடுக்க வைத்திருந்த பல வழிகளும் கைவிட்டன. ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகலை வைத்து மீட்டார்கள்; அந்த ஆறு மணி நேரத்து டேட்டா போனது போனதுதான். கிட்லேப் இதில் எதையும் மறைக்கவில்லை, மீட்பு வேலையை நேரலையாகவே காட்டியது. அந்த இன்ஜினியரைப் பலி கொடுக்கவும் இல்லை. இனி செய்ய வேண்டியவை என்று அவர்கள் எழுதிய பட்டியலில் பேக்கப் பற்றிய பெரிய விஷயங்களுக்கு நடுவே ஒரு சின்ன வரி இருந்தது: டெர்மினல் ப்ராம்ப்ட்டின் நிறத்தை மாற்றுங்கள். புரொடக்‌ஷனுக்குச் சிவப்பு, ஸ்டேஜிங்குக்கு மஞ்சள்.

எங்கள் துறையில் பலரும் அதைப் படித்துவிட்டுத் தங்கள் ப்ராம்ப்ட்டைச் சிவப்பாக்கினார்கள். பவர்லெவல்-10கேயிலும் இதற்கு வசதி உண்டு. குபர்னெட்டீஸ் கட்டளையை நாம் தட்ட ஆரம்பிக்கும்போது மட்டும் எந்தக் கிளஸ்டரில் நிற்கிறோம் என்று காட்டும். பெயரில் 'ப்ராட்' என்று இருந்தால் வேறு நிறம் கொடுக்கலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் பையனுக்கு அந்தச் சிவப்பு எதையும் சொல்லாது.

அன்றைக்கே அவன் அமைப்பை மாற்றினோம். அவன் கணினிக்குள் அது சுலபம். தோற்றால் ❯ குறிக்குப் பதில் ✘ வரும்படி அந்த அமைப்புக் கோப்பில் ஒரு வரி. நிறமெல்லாம் நீலமும் மஞ்சளும். அவனே உட்கார்ந்து, தனக்குப் பிரிகிற நிறங்களாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினான். கிட் நிலை ஏற்கெனவே எழுத்திலேயே இருக்கிறது: மாற்றம் இருந்தால் !, புது ஃபைல் இருந்தால் ?, பக்கத்தில் எண்ணிக்கை. அதில் அவனுக்குச் சிரமமே இல்லை.

சிரமம் சர்வரில். தீம் நம் லேப்டாப்பில்தான் இருக்கிறது. எஸ்எஸ்ஹெச் வழியாகச் சர்வருக்குள் நுழைந்த அடுத்த கணம் நம்மிடம் பேசுவது அந்தச் சர்வரின் ஷெல். அங்கே வெறும் பாஷ், கறுப்பில் வெள்ளை, பெயரும் டாலர் குறியும். லேப்டாப்பில் எவ்வளவு ஜோடித்தாலும், ஆபத்தான இடத்துக்குப் போனதும் நாம் பார்ப்பது அந்த மொட்டை வரியைத்தான். எங்கள் வாடிக்கையாளரின் ஸ்டேஜிங்கும் புரொடக்‌ஷனும் பெயரில் இரண்டு எழுத்துதான் வேறுபடும்.

அங்கே பவர்லெவல்-10கே போடுவதில் எனக்கு இஷ்டமில்லை. அடுத்தவர் சர்வரில் தேவைக்கு மேல் எதையும் ஏற்றக் கூடாது. பிஎஸ்1 என்ற ஒரே ஒரு மாறியை மாற்றினால் போதும். சர்வர் பெயருக்கு முன்னால் 'புரொடக்‌ஷன்' என்ற சொல், முழுதாக, பெரிய எழுத்தில், அடர்ந்த பின்னணியில். நிறம் தெரிபவருக்கு நிறம், தெரியாதவருக்குச் சொல். இதைச் செய்யப்போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிவைக்கிறேன். நிறக் குறியீடுகளை \[ \] என்ற அடைப்புக்குள் வைக்காவிட்டால் பாஷ் அவற்றையும் எழுத்துகளாக எண்ணிக்கொள்ளும். நீளமான கட்டளை தட்டும்போது வரி தன்மேலேயே ஏறி எழுதும். அப்புறம், பொதுவான கோப்பில் நாம் வைப்பதை ஒவ்வொரு யூசரின் சொந்தக் கோப்பும் மாற்றிவிடலாம். அதையும் பார்த்துவிட வேண்டும்.

வாடிக்கையாளரிடம் அனுமதி கேட்டோம். அந்தப் பக்கத்து மேனேஜர், "கலர் மாத்துறதுக்கெல்லாம் சேஞ்ச் ரெக்வெஸ்ட்டா?" என்று சிரித்தார். பிறகு அவரே, ரெக்வெஸ்ட் இல்லாமல் தொடக் கூடாது என்று மெயில் போட்டார். பாதிப்பு என்ன, திரும்பப் பெறுவது எப்படி, யார் ஒப்புதல் என்று ஆறு பக்கப் படிவம். 'பாதிப்பு' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று எங்கள் டீம் லீட் கேட்டார். "இருட்டுல நிக்கிறவனுக்கு எங்க நிக்கிறோம்னு தெரியும்னு எழுதுங்க சார்" என்றேன். அவர் வேறு ஏதோ எழுதினார். இரண்டு வாரத்தில் ஒப்புதல் வந்தது. பையனின் முதல் தனி ஷிஃப்ட்டுக்கு நான்கு நாள் முன்பு.

அவனுடைய மூன்றாவது ராத்திரியில் எனக்கு ஒரு மெசேஜ் வந்திருந்தது. காலையில்தான் பார்த்தேன். "அக்கா, லாக் ஃபைல் க்ளீன் பண்ண ஸ்டேஜிங்னு நெனச்சு வேற விண்டோவுல நின்னுட்டு இருந்தேன். எழுத்தைப் பாத்துட்டு மாறிட்டேன். ஒண்ணும் ஆகல." நேரம் 2.47. அவ்வளவுதான், அடுத்த மெசேஜ் கேன்டீன் சட்னியைப் பற்றி.

இதற்கிடையில், 2024-இல் பவர்லெவல்-10கேயின் முகப்பில் ஒரு அறிவிப்பு வந்தது. இனி ஆதரவு மிகக் குறைவு, புது வசதிகள் வராது, பெரும்பாலான பிழைகள் திருத்தப்பட மாட்டா, உதவி கேட்டால் பதில் இருக்காது. எழுத்தில் சுற்றிவளைப்பே இல்லை. சிலருக்குக் கோபம். எனக்கு வரவில்லை. நான் ஒரு பைசா கொடுத்ததில்லை. இவ்வளவு பேர் தினமும் பார்க்கிற ஒரு வரியை அந்த மனிதர் இத்தனை வருஷம் இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டதே பெரிது. நின்றுபோகும்போதும் நிலவரத்தை உள்ளபடி சொல்லிவிட்டார். சாம்பல் நிறத்தில் பழைய தகவலைக் காட்டிய அதே புத்தி. தீம் இன்றைக்கும் என் லேப்டாப்பில் வேகமாகவே ஓடுகிறது. இசட்-ஷெல் தலைகீழாக மாறாதவரை ஓடும் என்று நினைக்கிறேன்.

பையன் மட்டும் போன மாதம் ஸ்டார்ஷிப்புக்கு மாறினான். ரஸ்ட்டில் எழுதியது, பாஷ், இசட்-ஷெல் என்று எதிலும் ஓடும், ஒரே அமைப்புக் கோப்பு. என் கைக்கு அது கொஞ்சம் மெதுவாகத் தெரிகிறது, அவன் ஒத்துக்கொள்ளவில்லை. நிறுவி முடித்ததும் முதல் காரியமாக, பச்சை சிவப்பாக வந்த குறியைத் தூக்கிவிட்டு இரண்டு சொற்களை வைத்தான். சரியாக முடிந்தால் 'ஆச்சு'. இல்லாவிட்டால் 'ஆகல'. தமிழில்தான். கர்சர் கொஞ்சம் தள்ளித்தான் நிற்கிறது. பரவாயில்லைக்கா என்கிறான்.