"துன்ன மாட்றான்க்கா": அத்திப்பட்டுப் பிள்ளைகளின் ராத்திரிச் சோறு

"இன்னா செஞ்சு குடுத்தாலும் துன்ன மாட்றான்க்கா." அத்திப்பட்டில் மாலை வகுப்பு நடத்தும் எங்களிடம் தாய்மார்கள் படிப்பைப் பற்றிச் சொல்லும் குறையைவிட இந்தக் குறைதான் அதிகம். பஞ்சமி நிலம், மலக்குழி மரணம், ஆணவக் கொலை என்று எழுதிவரும் இடத்தில் பிள்ளைகளின் இரவுச் சாப்பாட்டைப் பற்றி எழுதுவதா என்று தோழர்கள் சிலருக்குத் தோன்றலாம். எழுதத்தான் வேண்டும் என்று நினைக்கிறோம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

அடம்பிடிக்கும் பிள்ளைக்கு என்ன சமைப்பது என்று யூடியூபில் தேடினால் நூறு வீடியோ வருகிறது. சப்பாத்தியை நட்சத்திரமாக வெட்டு, ப்ராக்கோலியைச் சீஸில் ஒளித்து வை, கேரட்டில் முகம் செய். ஆறு மணிக்கு அம்மா வீட்டில் இருப்பாள், ஃப்ரிட்ஜ் இருக்கும், அதில் காய் இருக்கும் என்ற எண்ணத்தில் எடுத்த வீடியோக்கள் அவை. இங்கே ஒரு பக்கம் வடசென்னை அனல் மின் நிலையம், இன்னொரு பக்கம் வல்லூர் அனல் மின் நிலையம், அதைத் தாண்டினால் காமராஜர் துறைமுகத்தின் நிலக்கரி. நடுவில் எங்கள் தெருக்கள். பெண்கள் கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து வீட்டு வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் போய்த் திரும்பி வரும்போது மணி ஏழரை, எட்டு. அதற்குமேல் அடுப்பு பற்றவைத்து, சோறு வடித்து, குழம்பு இறக்கும்போது ஒன்பதைத் தாண்டிவிடும். பள்ளி விட்டு வந்த பிள்ளை அதற்குள் ஐந்து ரூபாய் பாக்கெட் இரண்டும் டீயும் பிஸ்கட்டும் முடித்துவிட்டு, கண் சொக்கி உட்கார்ந்திருக்கும். அந்த வயிற்றிடமும் அந்தக் கண்ணிடமும்தான் நாம் சோற்றை நீட்டுகிறோம். அது வேண்டாம் என்றால் அடம் என்கிறோம்.

பெரும்பாலான வீடுகளில் முதலில் மாற்ற வேண்டியது நேரத்தைத்தான், சமையலை அப்புறம் பார்க்கலாம். பிள்ளைக்கு நிஜமாகப் பசிக்கும் நேரம் ஐந்தரை, ஆறு மணி. அந்த நேரத்தில் பாக்கெட்டுக்குப் பதில் சோறு கிடைத்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். காலையில் வடித்த சோறு பானையில் இருக்கிறது. பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ முட்டை ஒன்றைப் பொரித்துப் பிசைந்து கொடுத்தால் போதும், அதுவே ராச்சாப்பாடு. அம்மா வந்தபின் ஒரு வாய் ஊட்டிக்கொள்வது ஆசைக்கு, வயிற்றுக்கு அல்ல. இதைச் செய்த வீடுகளில் ஒன்பது மணி அழுகை குறைந்ததை நாங்களே பார்த்தோம். டீயும் நின்றால் இன்னும் நல்லது. டீயும் சோறும் சேர்ந்தால் சோற்றிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது.

இரும்பைச் சும்மா சொல்லவில்லை. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. முந்தைய கணக்கெடுப்பில் 50.7. சத்துணவில் முன்னோடி மாநிலம் என்று சொல்லிக்கொள்ளும்போதே இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, என்ன சமைப்பது? எங்கள் தெருக்களில் ஏற்கெனவே இருப்பதைத்தான் சொல்லப் போகிறோம்.

சென்னாக்குன்னியில் ஆரம்பிக்கிறோம். காய்ந்த பொடி இறாலைக் கல்லும் மண்ணும் போகப் புடைத்து, வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து, காய்ந்த மிளகாய் இரண்டு, பூண்டு நான்கு பல், கொஞ்சம் வறுத்த தேங்காய் சேர்த்து இடித்தால் பொடி. தேங்காயை ஈரம் போக வறுத்தால் டப்பாவில் ஒரு வாரம் தாங்கும். சுடுசோற்றில் இரண்டு ஸ்பூன், ஒரு சொட்டு நல்லெண்ணெய், அவ்வளவுதான், இரண்டு நிமிடம். தோலோடு இடிபடுவதால் சுண்ணாம்புச்சத்தும் வந்துவிடுகிறது. உப்பு தனியாகப் போட வேண்டாம், அதிலேயே இருக்கிறது. அடுத்தது முட்டையும் முருங்கைக்கீரையும். கீரையை மட்டும் கொடுத்தால் துப்பும் பிள்ளை, வெங்காயத்தோடு வதக்கி முட்டை உடைத்து ஊற்றி அதே சட்டியில் சோற்றைக் கொட்டிக் கிளறினால் ஃப்ரைடு ரைஸ் என்று சாப்பிடுகிறது. இறக்கும்போது எலுமிச்சை பிழிந்தால் கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். எங்கள் ஊர் முருங்கை மரத்தில் சாம்பல் படிந்திருக்கும், ஆகவே மூன்று தண்ணீர் கழுவ வேண்டும். யூடியூபில் யாரும் இதைச் சொல்வதில்லை.

உப்புக்கண்டம் இருக்கும் வீடு பாக்கியம் செய்த வீடு. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய மாட்டுக்கறியில் கொஞ்சத்தை மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் போட்டுக் கயிற்றில் கோத்துக் காயவைப்பது நம் பாட்டிகளின் ஃப்ரிட்ஜ். (இங்கே மொட்டைமாடியில் கொசுவலை கட்டித்தான் காயவைக்கிறோம். இல்லாவிட்டால் கறியிலும் சாம்பல்.) வார நாளில் இரண்டு துண்டை எடுத்துச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அம்மிக்கல்லில் தட்டி, நார் நாராகப் பிய்த்துப் பொரித்துத் தோசைக்குள் வைத்தால் பத்து நிமிட வேலை. ஆட்டுக்கறி விலையில் பாதிகூட இல்லாத இந்தக் கறியின் இரும்பு, கீரையின் இரும்பைவிட எளிதாக உடம்பில் சேரும். கேழ்வரகு மாவில் வெங்காயமும் கீரையும் பிசைந்து தட்டிய அடையும் அப்படித்தான். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், அதே அளவு மாட்டுப்பாலில் சுமார் 120.

ஆற்று நண்டு, இறாலைப் பற்றி மட்டும் தயக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்த பிறகு எண்ணூர்க் கழிமுகத்துப் பிடிப்பைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று தாய்மார் கேட்கிறார்கள். சாம்பலும் எண்ணெயும் கண்ட ஆற்றைக் காட்டிலும் கடல் மீனே மேல் என்றுதான் சொல்கிறோம். காரப்பொடி, நெத்திலி, கவலை போன்ற சின்ன மீன்கள் விலையும் குறைவு. கைக்கெட்டும் தூரத்தில் சும்மா கிடைத்துவந்த புரதத்தைக் காசு கொடுத்து வாங்கச் சொல்கிறோம் என்பது தெரிந்தே சொல்கிறோம்.

கிச்சடி, உப்புமா வேண்டாம். காலை உணவுத் திட்டத்தில் அவை மாறி மாறி வருகின்றன, ராத்திரியும் அதையே பார்த்தால் பிள்ளை ஓடாமல் என்ன செய்யும்?

புது உணவைக் கண்டு பின்வாங்குவது இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை இயல்பு. எட்டு, பத்து முறை, சில பிள்ளைகளுக்கு இன்னும் அதிகமாக, அது தட்டில் வந்து போக வேண்டும். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் சொல்லும் முறை எங்களுக்குப் பிடித்திருக்கிறது: என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெரியவர்கள் முடிவுசெய்வது, சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவுசெய்வது. "ஒரு வாய் வாங்குனா செல்லு தரேன்" என்ற பேரம் இதற்கு நேர் எதிர். லஞ்சம் கொடுத்து ஊட்டிய உணவைப் பிள்ளைகள் பின்னால் இன்னும் வெறுப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இவ்வளவும் செய்தும் சாப்பிடாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தோம்.

எங்கள் வகுப்புக்கு வரும் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு என்றால் சட்டியை வழிப்பவள், ஒருநாள் முதல் தொடவில்லை. "கப்பு அடிக்குது" என்றாள். பிறகு சென்னாக்குன்னி, பிறகு கறி. தயிர்ச்சோறு மட்டும் கேட்டாள். அம்மா அடித்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், டாக்டரிடம் கூட்டிப்போய் டானிக் வாங்கினார். மெதுவாகப் பேச்சுக் கொடுத்தபோது வந்தது இவ்வளவுதான்: தனியார் பள்ளியில் டிபன் பாக்ஸைத் திறந்ததும் பக்கத்துப் பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனது. மிஸ் அந்தப் பிள்ளையைக் கண்டிக்கவில்லை. இவளிடம்தான் "நாளைலேர்ந்து தயிர்ச்சோறு எடுத்துட்டு வாம்மா" என்றார். அதன்பிறகு வீட்டில் கருவாடு வறுத்தால் இவள் முதலில் செய்வது, "கதவைச் சாத்தும்மா" என்பது.

சமூகவியல் வகுப்பில் சமஸ்கிருதமயமாக்கம் என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறோம். ஒன்பது வயது நாக்கில் அது நடப்பதைப் பார்ப்பது வேறு. மாட்டுக்கறி உண்பதற்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை 1948 இல் வெளியான 'தீண்டப்படாதார்' நூலில் அம்பேத்கர் விரிவாக ஆராய்ந்தார். 2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணியை விட்டுவிட்டதும், விழா தள்ளிப்போனதும், ஆணையம் விளக்கம் கேட்டதும் நினைவிருக்கும். கலெக்டர் அலுவலகம் வரை போகும் இந்த அரசியல் டிபன் பாக்ஸிலிருந்துதான் தொடங்குகிறது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். மதிய உணவுச் சமையலர் நியமனத்தில் தலித்துகளுக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2018 இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பெற்றோர்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். 2023 செப்டம்பரில் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டியில் தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிட மறுத்தார்கள், கனிமொழி எம்.பி. நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சுடச்சுட நல்ல உணவைத் தட்டோடு மறுத்த அந்தப் பிள்ளைகளை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை, டானிக் வாங்கவில்லை, 'பிக்கி ஈட்டர்' என்று சொல்லவில்லை. அவர்களுக்கும் நாக்கைப் பழக்கியது பெரியவர்கள்தான். எங்கள் பிள்ளைக்கு அதே பாடம் மறுபக்கத்திலிருந்து நடந்திருக்கிறது.

ஆகவே களத்துக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சாப்பிட மறுக்கும் பிள்ளையைப் பார்த்தால் பிடிக்கவில்லையா, கூச்சமா என்று முதலில் பாருங்கள். பிடிக்காத பிள்ளை தட்டைத் தள்ளும். கூசும் பிள்ளை வாசலைப் பார்க்கும், கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவும், "என்ன சாப்ட்ட?" என்று கேட்டால் சாம்பார் என்று பொய் சொல்லும். முதலாவதற்குப் பொறுமை போதும். இரண்டாவதற்குச் சமையல் குறிப்பு உதவாது.

தோழர்கள் சிலர் இதற்கு மாற்றாக, "மாட்டுக்கறி சாப்பிடு, அதுதான் நம்ம அரசியல்" என்று பிள்ளையின் வாயில் திணிக்கப் பார்க்கிறார்கள். இதில் எங்களுக்கு உடன்பாடில்லை. திணிப்பு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பிள்ளைக்குத் திணிப்புதான். கறி பிடிக்காத தலித் பிள்ளையும் தலித் பிள்ளைதான், அவளுக்கு முட்டையும் கீரையும் கேழ்வரகும் இருக்கின்றன. பிடிக்கவில்லை என்று அவளே சொல்ல வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் மூக்கு சொல்லக் கூடாது.

அந்தப் பள்ளியில் போய்ப் பேசினோம். "பொதுவா எல்லாருக்கும் சொல்றதுதான்" என்று பதில் வந்தது. மீண்டும் போவோம். இதற்கிடையில் வெள்ளிக்கிழமைகளில் மாலை வகுப்பில் புத்தகத்தை மூடிவிட்டுச் சமைக்கிறோம். தெருவிலிருந்து ஒரு ஆயாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். அவர் சின்ன வயதில் ஆற்றில் கையாலேயே இறால் தடவிப் பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டே சென்னாக்குன்னி புடைத்தார். பிள்ளைகள் முறைவைத்து உரலில் இடித்தார்கள். கதவு திறந்துதான் இருந்தது. வாசனை தெருமுனை வரைக்கும் போய், போகிறவர்கள் எட்டிப் பார்த்து "இன்னா விசேஷம்?" என்றார்கள். நம் பிள்ளை முதல் வெள்ளி இடித்துக் கொடுத்தாள், சாப்பிடவில்லை. இரண்டாவது வெள்ளி உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து நக்கினாள். நான்காவது வாரம் தட்டு நிறையச் சோறு பிசைந்து சாப்பிட்டாள். கருவாட்டுக் குழம்பை இன்னும் தொடுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

போன வாரம் ஒரு சின்ன டப்பாவில் பொடி கட்டித் தரச் சொல்லி அம்மாவிடம் கேட்டிருக்கிறாள், பள்ளிக்கு எடுத்துப் போக. அம்மாவுக்குப் பயம். "மறுபடியும் எதுனா சொன்னா இன்னாக்கா பண்றது?" என்று எங்களைக் கேட்டார். டப்பா அவர்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. திங்கட்கிழமை அவரோடு நாங்கள் இருவர் பள்ளிக்குப் போகிறோம்.