ஒரே பெயர், ஒரே பெட்டி, ஊரார் மடல்!

தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் குறைவு. அப்பா பெயரின் முதல் எழுத்து, பிறகு சொந்தப் பெயர், அவ்வளவுதான். கே.கார்த்திக் தெருவுக்கு ஒருவர், எஸ்.பிரியா வகுப்புக்கு இருவர். ரேஷன் கார்டில் இதனால் பெரிய தொல்லை இல்லை, கூடவே கதவு எண்ணும் தெருவும் இருக்கிறது. மின்னஞ்சலில்தான் வினை. அங்கே ஒரு முகவரி ஒருவருக்குத்தான். முந்தியவருக்கு வெறும் பெயர் கிடைத்தது. பிந்தியவர் பிறந்த வருடத்தையோ பிடித்த கிரிக்கெட் வீரரின் ஜெர்சி எண்ணையோ பின்னால் ஒட்டிக்கொண்டார்.

பாவம் யார் தெரியுமா? முந்தியவர்தான்! 2004 ஏப்ரல் 1-இல் ஜிமெயில் தொடங்கியபோது அழைப்பு வந்தால்தான் கணக்கு. அந்தக் காலத்தில் அடித்துப்பிடித்து நல்ல பெயரை வாங்கியவர்களை எல்லோரும் பொறாமையோடு பார்த்தார்கள். இன்று அவர்கள் பெட்டியைத் திறந்தால் யாரோ ஒருவரின் ரயில் டிக்கெட், யாரோ ஒருவரின் இரத்தப் பரிசோதனை முடிவு, யாரோ வாங்கிய பைக்கின் தவணை நினைவூட்டல்... உடனே "ஹேக் பண்ணிட்டாங்க" என்று பதற்றம். பதற வேண்டாம். இதில் மூன்று வகை உண்டு. வியாதி வேறு, மருந்து வேறு.

முதல் வகை, புள்ளி. ஜிமெயில் முகவரியில் @ குறிக்கு முன்னால் வரும் புள்ளிகளைக் கூகிள் கணக்கிலேயே எடுப்பதில்லை. கே.கார்த்திக், கேகார்த்திக், கே.கார்.த்திக் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் வந்து சேரும். ஆகவே "புள்ளி வைத்த முகவரியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்" என்பது தவறான எண்ணம். அப்படி ஒருவர் இருக்கவே முடியாது. (கல்லூரியோ அலுவலகமோ சொந்த டொமைனில் நடத்தும் கூகிள் மின்னஞ்சலில் மட்டும் புள்ளிக்கு மதிப்பு உண்டு.) கேட்காமலே கிடைத்த இந்தப் புனைபெயர்களை அணைத்துவைக்க வழியும் இல்லை.

இரண்டாவது வகைதான் அதிகம். அந்நியர் தன் முகவரி என்று நினைத்து இன்னொருவருடையதைக் கொடுத்துவிடுவது. கடை கவுண்டரில் "மெயில் ஐடி சொல்லுங்க சார்" என்பார்கள். அவர் அவசரத்தில் சொல்வார், எழுதுபவர் கடைசியில் இருக்கும் 27-ஐ விட்டுவிடுவார். முடிந்தது கதை. செல்பேசி எண் என்றால் உடனே ஓடிபி அனுப்பிச் சரிபார்க்கிறார்கள். மின்னஞ்சலுக்குப் பல இடங்களில் அந்த அக்கறை இல்லை. வவுச்சர் இல்லாமல் கணக்கில் பதிவு போடக்கூடாது என்பது வணிகவியலின் முதல் பாடம். இங்கே வவுச்சரே இல்லாமல் பதிவு விழுகிறது. தப்பு செய்தது ஒருவர், சரிபார்க்காமல் விட்டது இன்னொருவர், தண்டம் கட்டுவது மூன்றாமவர்!

இது வெறும் தொல்லை மட்டுமா என்றால், இல்லை. இ-ஆதார் கோப்பின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. சில வங்கிகளின் கணக்கு அறிக்கைகளுக்கும் இதே பாணிதான், பெயரில் நான்கு எழுத்து, பிறகு பிறந்த தேதி. தவறிப்போன மடல் யாருக்குப் போகிறது? அதே பெயர்க்காரருக்கு! அதாவது பாதிப் பூட்டு ஏற்கெனவே திறந்திருக்கிறது.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு. 2018 ஏப்ரலில் ஒரு மென்பொருளாளர் தனக்கு நேரவிருந்ததை எழுதினார். அவருடைய முகவரியில் புள்ளியை மாற்றிவைத்து யாரோ ஒரு படம் பார்க்கும் சேவையில் கணக்குத் தொடங்கியிருந்தார்கள். "உங்கள் கார்டு செல்லவில்லை, புது எண் தாருங்கள்" என்ற மடல் இவருக்கு வந்தது. மடல் போலி அல்ல, உண்மையான நிறுவனத்திடமிருந்து வந்ததுதான். கார்டு எண்ணைக் கொடுத்திருந்தால் அந்நியர் படம் பார்க்க இவர் மாதாமாதம் பணம் கட்டியிருப்பார்.

அப்படியானால் "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தி அந்தக் கணக்கையே மூடிவிட்டால் என்ன? பலருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் மடல் வந்தது என்பதற்காகக் கணக்கு சொந்தமாகிவிடாது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43ஆம் பிரிவு, உரியவர் அனுமதியின்றி உள்ளே நுழைவதையே தவறு என்கிறது. செய்ய வேண்டியவை எளிமையானவை:

- "உறுதி செய்க" இணைப்பை அழுத்தவே கூடாது. அழுத்தினால் அந்நியரின் தவறு பதிவேட்டில் உண்மையாகிவிடும்.
- "இது என் கணக்கு அல்ல" என்ற இணைப்பு இருந்தால் அதை அழுத்தலாம். இல்லாவிட்டால் அந்த நிறுவனத்தின் தளத்துக்குத் தனியே சென்று சொல்லலாம்.
- பரிசோதனை முடிவு, நேர்காணல் அழைப்பு போன்றவற்றை அனுப்பியவருக்கு இரண்டு வரி பதில் எழுதிவிட்டு அழித்துவிட வேண்டும். அங்கே ஒருவர் காத்துக்கொண்டிருக்கிறார்.
- வெறும் விளம்பரம் என்றால் வடிகட்டி போதும்.

மூன்றாவது வகை கொஞ்சம் விஷமம். அனுப்பாத மடல்களெல்லாம் "சேரவில்லை" என்று திரும்பி வரும். யாரோ அனுப்புநர் இடத்தில் அந்த முகவரியைப் போட்டுக் குப்பை மடல் அனுப்பியிருக்கிறார்கள் என்று பொருள். இன்லேண்ட் லெட்டரின் பின்புறம் அனுப்புநர் என்று யார் பெயரையும் எழுதலாம், தபால்காரர் கேட்கமாட்டார். 1982-இல் எழுதப்பட்ட மின்னஞ்சல் விதிமுறையும் அப்படித்தான், எல்லோரும் நல்லவர்கள் என்று நம்பியது. பிறகு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று காவல் வந்தன. ஜிமெயில் பெட்டிகளுக்கு ஒரு நாளில் 5000 மடலுக்கு மேல் அனுப்புபவர்கள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று கூகிள் கட்டாயமாக்கியது 2024 பிப்ரவரியில்தான். நாற்பது வருடம் கழித்து!

இந்த வகையில் முதலில் பார்க்க வேண்டியது "அனுப்பியவை" பெட்டியை. அங்கே தெரியாத மடல் ஏதும் இல்லை, தெரியாத இடத்திலிருந்து யாரும் நுழையவும் இல்லை என்றால் பெயரை மட்டும்தான் திருடியிருக்கிறார்கள், அலை தானாக ஓயும். இருந்தால் உடனே கடவுச்சொல்லை மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை வைக்க வேண்டும். பணம் போயிருந்தால் 1930-க்கு அழைக்க வேண்டும்.

கடைசியாகக் கடை கவுண்டரில் நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெயில் ஐடி கேட்டால் அந்த எண்ணையும் சேர்த்து நிதானமாகச் சொல்லுங்கள், எழுதியதை ஒருமுறை வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். பத்து விநாடி வேலைதான். அதே பெயரில் எங்கோ ஒருவர் நிம்மதியாக இருப்பார். உங்கள் இரத்தப் பரிசோதனை முடிவும் உங்களுக்கே வந்து சேரும்.