அரியலூருக்கு எட்டு கிளிக்

ஆவணி 4

முகூர்த்த மாதம். கடை முழுக்கப் பத்திரிகை வேலை. இன்று சும்மா எண்ணிப் பார்த்தேன். செந்துறைக்காரர் ஒருவரின் பழைய பத்திரிகை இருக்கும் இடத்துக்குப் போக எட்டு டபுள் கிளிக்: டி டிரைவ், வேலை, திருச்சி, பெரம்பலூர், அரியலூர், செந்துறை, கல்யாணம், வருஷம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை போய்வருகிறேன். சாயங்காலம் ஆள்காட்டி விரல் வலிப்பது எதனால் என்று புரிந்தது.

புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்: “அண்ணே, அரியலூர் தனி மாவட்டமாச்சே, பெரம்பலூருக்குள்ள ஏன் கெடக்கு?”

ஆவணி 5

அவனுக்குக் கதை சொன்னேன். கடையை ஆரம்பித்தவர் மாமா. 1995 நவம்பரில் பெரம்பலூர் தனி மாவட்டமான பிறகும் அவர் வாயில் வருவது திருச்சி ஜில்லாதான். ஃபோல்டருக்கும் அதே பெயர். 2001 ஜனவரி 1-ல் அரியலூர் பிரிந்தது. மாமா அரியலூர் ஃபோல்டரை வெளியே எடுத்து வைத்தார். 2002 மார்ச்சில் பழையபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். அவரும் உள்ளே தள்ளினார். 2007 நவம்பர் 23-ல் மீண்டும் பிரித்தபோது, “இனிமே நான் கை வைக்க மாட்டேன்டா” என்று விட்டுவிட்டார்.

ஆவணி 6

மாமா கை வைக்காததில் நான் வைத்தேன். அரியலூர் ஃபோல்டரை கட் பண்ணி, டி டிரைவின் முதல் வாசலிலேயே பேஸ்ட் பண்ணினேன். மூன்று கிளிக் குறைந்தது. மதியம் பேஜ்மேக்கர் கோப்பு ஒன்றைத் திறந்தால், படம் எங்கே என்று கேட்கிறது. படம் இருக்கும் இடத்தை முழு விலாசத்தோடு அது நினைவில் வைத்திருக்கும். நான் விலாசத்தை மாற்றிவிட்டேன். கவனிக்காமல் ஒரு பிரதி எடுத்தேன். பிள்ளையார் கட்டம் கட்டமாக வந்தார். ராத்திரியே ஃபோல்டரை இருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

ஆவணி 8

இன்றைக்குத்தான் உருப்படியான வேலை. ஃபோல்டரை அசைக்கவில்லை. அதன்மேல் ரைட் கிளிக் செய்து ‘பின் டு குயிக் ஆக்ஸஸ்’ கொடுத்தேன். எந்த ஜன்னலைத் திறந்தாலும் இடது ஓரத்தில் அரியலூர் நிற்கிறது. நாம் அடிக்கடி திறப்பதை விண்டோஸ் தானாகவும் அங்கே காட்டும். ஆனால் அந்தப் பட்டியல் நாளுக்கு நாள் மாறும். பழக்கத்தில் கை போன இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருக்கும். பின் குத்தியதுதான் நகராது.

டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட்டும் போட்டு, அதன் ப்ராப்பர்ட்டீஸில் ஷார்ட்கட் கீ என்ற கட்டத்தில் ‘ஏ’ தட்டினேன். கன்ட்ரோல், ஆல்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அரியலூர் திறக்கிறது. ஐந்து கிளிக் போயிற்று. ஏழெட்டு ஃபோல்டரை அப்படிக் குத்தப் போன பையனைத் தடுத்தேன். எல்லாமே பக்கத்தில் வந்துவிட்டால் மறுபடியும் தேட வேண்டியதுதான். மூன்று போதும்.

ஆவணி 12

மாவட்டத்தைப் பிரித்ததும்கூட இந்த ஷார்ட்கட் மாதிரி வேலைதான் என்று தோன்றுகிறது. மீன்சுருட்டிக்காரர் ஒரு மனு கொடுக்கப் பெரம்பலூர் வரை வந்த காலம் உண்டு. ஊர் நகரவில்லை, கலெக்டர் ஆபீஸ் வாசல்தான் கிட்டே போனது.

மதியம் ஓர் அம்மா வந்தார். மகளுக்குக் கல்யாணம், தன் பத்திரிகையில் இருந்த அதே பார்டர் வேண்டுமாம். அவர் கல்யாணம் 2003-ல். மூன்று விசையை அழுத்தினேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் பத்திரிகை திரைக்கு வந்துவிட்டது. மணமகள் ஊருக்குக் கீழே ‘பெரம்பலூர் மாவட்டம்’.

“அப்ப அதுதான தம்பி,” என்று சிரித்தார்.

வேறு பெயரில் சேமித்து, அதில் மட்டும் ‘அரியலூர் மாவட்டம்’ என்று மாற்றினேன். பழையது இருந்த இடத்திலேயே இருக்கிறது, பெரம்பலூருக்குள்.