மணாலிக்கு முன்னாடி பொதிகை

மக்கா, செமஸ்டர் முடிஞ்சா எல்லா கிளாஸ் குரூப்பிலும் விழுகிற முதல் மெசேஜ், "மணாலி போலாமா?" போங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா நம்ம மாவட்டத்து மலைத்தொடரிலேயே வடக்கே கொஞ்சம் தள்ளி 1,868 மீட்டர் உயரத்தில் ஒரு சிகரம் இருக்கிறது. தமிழ்ப் பாடத்தில் படிச்ச பொதிகை. அகத்தியர் மலை. மலையாளத்தில் அகஸ்தியார்கூடம்.

ஆல்ப்ஸின் மோன் பிளாங்க் 4,800 மீட்டருக்கும் மேல. அதில் பாதி கூட வராது நம்ம மலை. பனி இல்லை, ஆக்சிஜன் சிலிண்டர் வேண்டாம். இங்கே ஏறுவதைவிடப் பெரிய விஷயம், யாரை ஏற விடுவாங்க என்பதுதான்.

மோன் பிளாங்க்கில் மனிதன் முதலில் கால் வைத்த தேதி உண்டு: 1786 ஆகஸ்ட் 8. பொதிகைக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. இந்தக் காட்டில் தலைமுறை தலைமுறையாக வாழும் காணிகளுக்கு இது அகத்தியர் இருக்கிற இடம். கொடி நடுற இடமில்லை. 1855-இல் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநர் ஜான் ஆலன் புரூன், காந்தப்புலத்தையும் வானிலையையும் உயரத்தில் அளக்க இந்த மலைமேல் ஓர் ஆய்வகமே கட்டினார். ரோடே இல்லாத காட்டில் அத்தனை கருவியும் மனுசங்க சுமந்துதான் மேலே போயிருக்கணும்.

1987-இல் இங்கே வந்த விஞ்ஞானிகள் மூச்சு வாங்க நடந்தபோது, கூட வந்த காணிகள் ஒரு சின்னக் காயைத் தின்றுகொண்டே அசராமல் ஏறினார்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியபச்சை. அதிலிருந்து 'ஜீவனி' மருந்து வந்தது. வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு என்று ஒப்பந்தம் போட்டதால், உலகம் முழுக்க அதை உதாரணமாகப் பேசினார்கள்.

சரி, எப்படிப் போறது? கிழக்கே பாபநாசம் பக்கம் புலிகள் காப்பகம். அந்த வழி மலையேறுகிறவர்களுக்குக் கிடையாது. மேற்கே கேரளாவின் போணக்காடு வழிதான். 1956 நவம்பர் 1 வரை நாமும் திருவிதாங்கூரோடு இருந்தவங்க. இப்போ பக்கத்து மாநில வனத்துறையிடம் பாஸ் வாங்கணும். முதல் நாள் ஓடைகள், புல்வெளி தாண்டி பதினைந்து கிலோமீட்டர் வாக்கில் நடந்தால் அதிருமலை முகாம். மறுநாள் பொங்காலப்பாறை வழியாக உச்சி. கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்துத்தான் ஏறணும்.

2018 வரை இந்த உச்சி பெண்களுக்கு இல்லை. அந்த வருஷம் நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தடை கூடாது என்றது. 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறினார். காணிகள் எதிர்த்தார்கள். ஆனால் யாரையும் மறிக்கவில்லை; போணக்காட்டில் உட்கார்ந்து பஜனை பாடினார்கள்.

எனக்கு அந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது. எந்த நேர்ச்சையும் இல்லாத டவுன் பையன் பாஸ் எடுத்துப் போய் செல்ஃபி எடுத்தபோது கெடாத புனிதம், நம்ம கிளாஸ் பொண்ணு ஏறினால் மட்டும் எப்படிக் கெடும்? அதே சமயம் காணிகளின் வருத்தத்தைப் பழைய பஞ்சாங்கம்னு தள்ளவும் முடியல. அவங்க கும்பிடுற இடத்தை நாம வீக்எண்ட் ஸ்பாட்டா மாத்தினா, ஆணா பொண்ணாங்கறது அப்புறம்; மரியாதை போயிடும்.

அதனால போறவங்க கவனிங்க. சீசன் பொதுவா ஜனவரியில் தொடங்கும். ஆன்லைன் புக்கிங், சீக்கிரம் தீர்ந்துடும். மெடிக்கல் சர்டிபிகேட் கட்டாயம். பிளாஸ்டிக், சரக்கு, புளூடூத் ஸ்பீக்கர் எதுவும் வேண்டாம். அட்டைக்கு உப்பு எடுத்துக்கோங்க. கூட வர்ற வழிகாட்டி அண்ணன் நில்லுன்னா நில்லுங்க, அது யானைத் தடமா இருக்கும். குரூப்ல பொண்ணுங்க பேரையும் சேர்த்தே லிஸ்ட் போடுங்க.