ஃபார்மட் பண்ணிடலாம் சார்

2020 ஜூன் மாதத்தில் எங்கள் வீட்டுக் கணினி தயாராவதற்குப் பதினொரு நிமிடம் ஆனது. குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. பொத்தானை அழுத்திவிட்டுக் குக்கரை அடுப்பில் ஏற்றி, மூன்று விசில் விட்டு இறக்கி, சட்னிக்குத் தாளித்துக் கொட்டிவிட்டு வந்தால்தான் திரையில் படங்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் ஒன்றைத் தொட்டால் மறுபடி உறைந்துவிடும். வேர்டைத் திறக்கத் தனியாக இரண்டு நிமிடம். ஒன்பதரை மணிக்கு முதுகலை மாணவிகளுக்கு இணையவழியில் நாட்டுப்புறவியல் வகுப்பு. பாதி வகுப்பில் என் குரல் அறுந்து அறுந்து கேட்பதாகப் பிள்ளைகள் சொல்வார்கள்.

வீட்டில் இதற்குக் கிடைத்த முதல் விளக்கம்: "நீ எதையாவது அழுத்தியிருப்ப." என் கணவர் இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. மழை வரும்போல இருக்கு என்பது மாதிரிச் சொன்னார். மகனும் அதையே சொன்னான். மாமியார் மட்டும், "பாவம், அதுக்கும் வயசாச்சுல்ல" என்றார். இப்போது யோசித்தால் மூவரில் அவர் சொன்னதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது.

இரண்டாவது விளக்கம் மெக்கானிக்குடையது. அவர் கடை மதுரையில். அங்கே ஜூன் கடைசியில் ஊரடங்கை மறுபடி இறுக்கியிருந்தார்கள். திண்டுக்கல்லுக்கு வர வழியில்லை. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுக் கணவர் பேசினார். "ஏழு வருஷ மிஷின் சார். விட்டதும் வந்து ஃபார்மட் பண்ணிடலாம் சார்." "பண்ணிருங்க." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நான் அதே அறையில், அந்தக் கணினிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஃபார்மட் என்ற சொல் எனக்குப் புதிதல்ல. 2016இல் விண்டோஸ் 10 போடுவதற்காக இதே மெக்கானிக் ஒருமுறை செய்தார். கணவரின் பங்குச்சந்தைக் கணக்குகளையும் மகனின் விளையாட்டுகளையும் கேட்டுக் கேட்டு டி டிரைவில் பத்திரப்படுத்தினார். என்னுடையது என்னவென்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால்தானே சொல்ல? இரண்டு வருடக் கவிதைகள் போயின. இதழ்களில் வந்தவை தப்பித்தன. வராதவற்றில் நாலைந்தை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். சொற்கள் வந்தன, வரிகள் வரவில்லை. விட்டுவிட்டேன். "கவிதைதானே, திரும்ப எழுதிக்கலாம்ல" என்றார் கணவர், ஆறுதலாக.

முனைவர் பட்ட ஆய்வுக்காக நான் திரட்டிய ஒப்பாரிகள் மட்டும் ஒரு சிடியில் இருந்ததால் அன்று பிழைத்தன. நத்தம், சாணார்பட்டிப் பக்கம் 2003இலிருந்து இரண்டு வருடம் அலைந்து சேர்த்த நாற்பத்தாறு பாட்டுகள். பாடிக்கொடுத்த ஆயாக்களில் இப்போது யாரும் உயிரோடு இல்லை. கேசட்டுகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. சிடியும் பின்னால் கீறல் விழுந்து படிக்கவில்லை. ஆக, அந்தப் பாட்டுகள் மிஞ்சியிருந்த ஒரே இடம் எங்கள் வீட்டுக் கூடத்தில், சாமி அலமாரிக்கு அடியில் இருந்த அந்தப் பெட்டி. "பண்ணிருங்க" என்றபோது என் வயிறு குளிர்ந்துபோனது அதனால்தான்.

அன்றிரவு பத்து மணிக்கு மேல் என் மாணவி ஒருத்தி அழைத்தாள். வகுப்பில் குரல் கட் ஆகிறதே, சிஸ்டம் ஸ்லோவா அம்மா என்று கேட்கத்தான். எங்கள் துறையில் பிள்ளைகள் மேடம் என்பதில்லை, அம்மாதான். நடந்ததைச் சொன்னேன். ஏன் ஸ்லோ என்று அவள் உடனே கேட்கவில்லை. "ஒப்பாரி ஃபைலெல்லாம் எங்கம்மா வெச்சிருக்கீங்க?" என்றாள்.

"டெஸ்க்டாப்ல."

"டெஸ்க்டாப்னா சி டிரைவ் அம்மா. ஃபார்மட் பண்ணா மொதல்ல போறது அதுதான்."

எனக்கு அது தெரியாது. கண்ணுக்கு முன்னால் இருப்பது பத்திரமாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன். முதலில் பென் டிரைவைச் செருகச் சொல்லி எல்லாவற்றையும் அதில் நகலெடுக்க வைத்தாள். அறுபது மெகாபைட்கூட இல்லை. அதற்கே அந்த இயந்திரம் அரைமணி நேரம் எடுத்துக்கொண்டது. அதன் பிறகுதான், "இப்பப் பார்க்கலாம் அம்மா, என்னதான் பண்ணுதுன்னு" என்றாள்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். ஏழு வருடமாக அதன் முன் உட்கார்ந்திருக்கிறேன், அந்தப் பக்கத்தைப் பார்த்ததில்லை. சிபியு பன்னிரண்டு சதவீதம். மெமரி எண்பத்தெட்டு. டிஸ்க் நூறு. நான் எதையுமே திறக்கவில்லை, அதற்குள் டிஸ்க் நூறு. "மூளை சும்மாதாம்மா இருக்கு. கை ஒழியல" என்றாள்.

ரேம் நாலு ஜிபி என்பது சின்னச் சமையல் மேடை மாதிரி என்று விளக்கினாள். மேடை நிறைந்துவிட்டால் பாத்திரங்களை ஸ்டோர் ரூமில் கொண்டுபோய் வைக்க வேண்டும், வேண்டும்போது போய் எடுத்துவர வேண்டும். ஸ்டோர் ரூம்தான் ஹார்ட் டிஸ்க். அதற்குள் நிஜமாகவே ஒரு தட்டு சுற்றுகிறது, நிமிடத்துக்கு 7,200 முறை. ஊசி போன்ற ஒன்று அதன்மேல் இங்கும் அங்கும் ஓடித் தேடுகிறது. ஒரே நேரத்தில் இருபது பேர் இருபது பொருள் கேட்டால் ஓடுவதிலேயே நேரம் போய்விடும். நாங்கள் கணினியை வாங்கிய 2013இல் இருந்த விண்டோஸுக்கு அந்த மேடை போதும். பின்னால் வந்த பத்துக்குப் போதவில்லை.

அந்த இருபது பேர் யார்? ஸ்டார்ட்அப் என்ற பக்கத்தில் பட்டியல் இருந்தது. பொத்தானை அழுத்தியதும் தானாக எழுந்துகொள்பவை. கணவரின் பங்குச்சந்தை மென்பொருள். மகனின் விளையாட்டுகளை இறக்கித்தரும் இரண்டு செயலிகள். சிங்கப்பூர் நாத்தனாரோடு பேச ஸ்கைப். அவர் வாட்ஸ்அப்புக்கு மாறி மூன்று வருடமாகிறது. 2017இல் செத்துப்போன பிரிண்டருக்கு ஓர் உதவியாளர். எங்களிடம் இல்லாமல்போன ஒரு ஃபோனுக்கு இன்னோர் உதவியாளர். ஆன்டிவைரஸ் இரண்டு: மெக்கானிக் இலவசமாகப் போட்டது ஒன்று, கணவர் காசு கொடுத்து வாங்கியது ஒன்று. "ஒருத்தர் செக் பண்ண ஃபைலையே இன்னொருத்தரும் திரும்ப செக் பண்ணுவாங்கம்மா" என்றாள். பட்டியலை மேலும் கீழும் இரண்டு தடவை பார்த்தேன். என்னுடையது ஒன்றுகூட இல்லை.

கவிதை எழுதுகிறவளுக்கு இந்த இடத்தில் உவமை வந்து நிற்காமல் இருக்குமா? வந்தது. நோட்டில் நாலு வரி எழுதவும் செய்தேன், மறுநாள் அடித்துவிட்டேன். கணினி ஏன் மெதுவானது என்பதற்குக் காரணம் கண்டுபிடித்த சந்தோஷத்தை அந்த வரிகள் கெடுத்தன. தவிர, எல்லாப் பழியையும் வீட்டார்மேல் போட்டுவிட்டு நான் தப்பித்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஏனென்றால் வேர்டு திறக்க ஆன இரண்டு நிமிடம் என்னால் ஆனது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த எதையும் அந்த எழுத்துரு இல்லாமல் படிக்க முடியாது. பாமினியில் அடித்த பாட்டு, பாமினி இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக்கிடக்கும். 2016 ஃபார்மட்டுக்குப் பிறகு சிடியிலிருந்து ஒப்பாரிகளைத் திறந்தபோது அப்படித்தான் கிடந்தன. பதறிப்போய், டிடிபி சென்டர் நடத்திய தோழியிடமிருந்து அவளிடம் இருந்த எழுத்துருக்களை மொத்தமாக வாங்கி நிறுவிவிட்டேன். பாமினி, வானவில், ஸ்ரீலிபி, பெயர் தெரியாதவை, கல்யாணப் பத்திரிகைக்கானவை, எல்லாம் சேர்த்து எழுநூறுக்கு மேல். வேர்டு திறக்கும்போது இத்தனையையும் ஒரு நோட்டம் விட வேண்டியிருந்தது. "இத அழிச்சிரலாமா அம்மா?" என்றாள். "அதுல கைய வைக்காத" என்றேன், தேவையில்லாத சத்தத்தோடு. அவள் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "சரிம்மா, யூனிகோடுக்கு மாத்திட்டு அப்புறம் அழிப்போம்" என்றாள்.

அந்த வாரம் தினமும் பத்து மணிக்கு மேல் வேலை பார்த்தோம். ஏன் பத்து மணி என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே சொன்னாள். பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அவளுடையது. பகலில் அது அண்ணனிடம் இருக்கும். பாட்டரி போய்விட்டது, வயரைச் செருகியே வைத்திருந்தால்தான் ஓடும். ஒருமுறை அது நின்றுபோனபோது கடையில் ஆயிரத்தைந்நூறு கேட்டார்கள். வீட்டில், படிப்புதான் முடியப்போகுதே, போனாப் போகட்டும் என்றார்கள். அவளே திருப்புளியை எடுத்துத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

எனியாக்கைப் பற்றி அவளுக்குச் சொன்னேன். கம்ப்யூட்டர் என்பது முன்பு ஒரு வேலையின் பெயர். கணக்குப் போடுகிற ஆளைக் குறிக்கும், இரண்டாம் உலகப்போர்க் காலத்து அமெரிக்காவில் அந்த ஆட்களில் பெரும்பாலோர் பெண்கள். எனியாக்கை இயக்க அவர்களிலிருந்து ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கையேடு எதுவும் கிடையாது, இயந்திரத்தின் வரைபடங்களை மட்டும் கொடுத்தார்கள். அவற்றை வைத்துக்கொண்டே ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்களில் பழுது எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிக்கும் அளவுக்கு அவர்கள் கற்றுக்கொண்டார்கள். 1946 பிப்ரவரியில் இயந்திரத்தை உலகத்துக்குக் காட்டியபோது அவர்களின் பெயரைச் சொல்லவில்லை, அன்றிரவு விருந்துக்கும் கூப்பிடவில்லை. அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அந்த மிஷின் நின்னுபோனா யாரைக் கூப்பிட்டாங்கம்மா?" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தேன். மாமியார் அதற்கு வெல்வெட்டில் ஓர் உறை தைத்துப் போட்டிருந்தார், ஓரத்தில் மணி வைத்து. முன்பக்கம் மட்டும் தூக்கிவிட்டு ஓட்டுவோம், பின்பக்கம் மூடியே இருக்கும். மேலே சாமி அலமாரி, வெள்ளிதோறும் சாம்பிராணி. மின்விசிறியின் இறக்கைகளில் கரும்பசைபோல் அப்பியிருந்தது. சூடு ஏறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்று அவள் சொல்லியிருந்தாள். பழைய டூத் பிரஷ்ஷால் துடைத்தேன். மகன் வந்து நின்று, "அம்மா, ஷாக் அடிக்கும்" என்றான். பிளக்கைக் கையில் எடுத்துக் காட்டினேன். அத்தை தன் உறையைத் தானே எடுத்துக்கொண்டு போய் மிக்சிக்குப் போட்டார்.

தானாக எழுபவற்றை நிறுத்தி, ஓர் ஆன்டிவைரஸை நீக்கி, தூசி தட்டியதில் பதினொன்று ஆறாகக் குறைந்தது. பங்குச்சந்தை மென்பொருளை நிறுத்தியதற்குக் கணவரிடம் பேச்சு வாங்கினேன். அவர் வேண்டும்போது ஒரு தட்டுத் தட்டித் திறக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகஸ்டில் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன், என் காசு 2,600 ரூபாய். அதில் சுற்றும் தட்டு இல்லை, ஓடும் ஊசியும் இல்லை. சி டிரைவை அப்படியே அதற்கு நகலெடுக்க ஓர் இரவு முழுக்க ஆனது. மறுநாள் இருபத்திரண்டு விநாடியில் கணினி எழுந்தது. "அன்னிக்கே நெனச்சேன், இதுக்கு எதுக்கு ஃபார்மட்டுன்னு" என்றார் கணவர்.

எழும்போது திரையில் வரவேற்கும் பெயர் அவருடையது. அதை மாற்ற முடியுமா என்று அவளிடம் கேட்டேன். "மேல வர்ற பேர மாத்தலாம்மா. உள்ள ஃபோல்டர் பேரு பழசாத்தான் இருக்கும். உங்களுக்குன்னு தனி அக்கவுண்ட் ஒண்ணு போட்டுக்குங்க." போட்டுக்கொண்டேன். அவள் லேப்டாப்பில் எப்படி என்று கேட்டதற்குச் சிரித்தாள். அரசாங்க லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. வீட்டில் எல்லோரும் விண்டோஸ்தான் திறப்பார்கள். "லினக்ஸ் பக்கம் யாரும் வரமாட்டாங்கம்மா. என் நோட்ஸெல்லாம் அங்கதான் இருக்கு."

ஒப்பாரிகளை என்எச்எம் கன்வர்ட்டரில் போட்டு ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றி, அவள் ஒரு பிரதியும் நான் ஒரு பிரதியுமாக வைத்திருக்கிறோம். நாற்பத்தைந்து முடிந்துவிட்டது. சாணார்பட்டிப் பக்கம் ஓர் ஆயா தன் மகளுக்காகப் பாடிய ஒன்று மட்டும் எந்த எழுத்துருவுக்கும் பிடிகொடுக்கவில்லை. எழுநூறில் இருநூற்றுச் சொச்சம் போட்டுப் பார்த்தாயிற்று. மீதியை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பத்து மணிக்கு மேல்.