ஆக்கியோன் பெயர்

எங்கள் கல்லூரியில் தொகுப்பூதியத்தில் பணியாற்றிய இளம் விரிவுரையாளர் ஒருவர், அகமதிப்பீட்டு மதிப்பெண்களைக் கணக்கிட ஒரு சிறு மென்பொருள் எழுதித் தந்தார். மூன்று நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அவருடைய பணி நீட்டிக்கப்படவில்லை. அடுத்த பருவத்தில், முகப்புத் திரையில் அவர் பெயர் இருந்த இடத்தில் கல்லூரியின் பெயர் இருந்தது. பார்த்தோம், ஒன்றும் சொல்லவில்லை.

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கொள்கிறது. தமிழ் படித்த எங்களுக்கு இது வியப்பளித்தது. வேறு உடன்பாடு இல்லையெனில், பணியின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் நிறுவனமே என்கிறது 17ஆம் பிரிவு. ஆயினும், உரிமை கைமாறிய பின்னும் படைப்பு தன்னுடையது என்று கோரும் உரிமை எழுதியவருக்கு உண்டு என்கிறது 57ஆம் பிரிவு.

சட்டம் வரை போவானேன்? சிறப்புப் பாயிரம் சொல்ல வேண்டிய எட்டினுள் முதலாவதாக நன்னூல் வைப்பது ஆக்கியோன் பெயரைத்தான். ஆண்டுதோறும் அதை வகுப்பில் நடத்துகிறோம். மேற்கோளுக்குப் பெயர் குறிக்காத மாணவரைக் கண்டிக்கிறோம். அந்த மென்பொருளில்தான் அம்மாணவரின் மதிப்பெண்ணையும் குறைக்கிறோம்.

அவர் பெயரை மீண்டும் இடக் கோரி, சென்ற வாரம் முதல்வருக்குக் கடிதம் கொடுத்தோம். காலந்தாழ்ந்த கடிதம்தான். பதில் இன்னும் வரவில்லை.