தூரிகை போட்ட வெளிச்சம்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் வார்ஹாமர் விளையாட்டுக்காக விற்கும் போர்வீரர் பொம்மைகள் கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத கண்ணில் வெள்ளையும் கருவிழியும் வைத்து அவற்றுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள். அந்த வேலைக்கென்றே 1987இல் தொடங்கிய கோல்டன் டீமன் என்ற போட்டியும் இருக்கிறது. ஒரே பொம்மையில் வாரக்கணக்கில் உழைப்பவர்கள் பலர், படம் எடுக்கும்போது மட்டும் அவசரப்படுகிறார்கள். மேசை விளக்கைப் போடு, போனை முகத்தருகே கொண்டுபோ, ஒரு கிளிக். முகம் வெளிறி, கால் இருண்டு, வாள் முனை கலங்கி வருகிறது படம். பழி கேமராவின் மேல் விழுகிறது. நல்ல கேமரா வாங்கினால் சரியாகிவிடும் என்ற இந்த நம்பிக்கையைத்தான் நான் ஏற்கவில்லை. பொம்மையின் மேல் ஏற்கெனவே ஒரு வெளிச்சம் இருக்கிறது. மேசை விளக்கு அதோடு சண்டைக்குப் போகிறது. படம் கெடுவது அங்கேதான்.

வண்ணம் தீட்டுபவர் நிறத்தோடு வெளிச்சத்தையும் சேர்த்தே தீட்டுகிறார். மேலங்கியின் மடிப்பு ஒரு மில்லிமீட்டர் ஆழம் இருந்தால் பெரிது. கைநீட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்தால் அதன் சொந்த நிழல் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் பள்ளத்தில் நீர்த்த கரும்பழுப்பை ஓடவிட்டு நிழல் செய்கிறார். மேட்டின் விளிம்பில் வெளிர்கோடு இழுத்து வெயில் செய்கிறார். முதல் பூச்சிலேயே கறுப்பு பிரைமர் அடித்து, தலைக்கு மேலிருந்து வெள்ளையைத் தூவி, வெயில் எங்கே படும், எங்கே படாது என்று தீர்மானித்துக்கொள்பவர்களும் உண்டு. உலோகத்தூள் கலந்த பெயிண்ட்டையே தொடாமல், பழுப்பிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து வெள்ளை என்று படிப்படியாக ஏற்றித் தங்கக் கவசம் செய்வது இந்தக் கலையின் உச்சம் என்பேன். அந்தக் கவசத்தின் மினுக்கு, தூரிகை வைத்த இடத்தில்தான் இருக்கும். விளக்கு எங்கே போனாலும் நகராது. இப்போது இடப்பக்கத்திலிருந்து வெறும் பல்பின் ஒளி அதன்மேல் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தோள்பட்டையில் சம்பந்தமில்லாத இன்னொரு மினுக்கு எழும். மூக்கின் நிழல் கன்னத்தில் கறுப்பாக விழும். தீட்டிய நிழல் ஒரு பக்கம், நிஜ நிழல் மறுபக்கம். போனின் ஃபிளாஷ் இன்னும் மோசம்: லென்ஸை ஒட்டியே அடிப்பதால் மேடுபள்ளத்தைத் தட்டையாக்கிவிடும்.

ஆகவே படத்துக்குப் போடும் வெளிச்சம் தான் இருப்பதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அதற்கு அது பெரிதாக இருந்தாக வேண்டும். ஒளியின் மென்மையைத் தீர்மானிப்பது விளக்கின் வாட் கணக்கு கிடையாது. பொருள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு அகலமாகத் தெரிகிறது என்பதுதான். இங்கே பொம்மையின் சிறுமை நமக்குப் பெரிய வரம். ஒரு மனிதரை மென்மையான ஒளியில் எடுக்க ஸ்டூடியோக்காரருக்கு ஆளுயரக் குடை வேண்டும். மூன்று சென்டிமீட்டர் வீரனுக்கு விளக்கின் முன்னே பிடித்த ஒரு டிரேசிங் பேப்பரே வானம். வெள்ளை வேட்டித் துணியும் அதே வேலையைச் செய்யும். அப்படி மூடிய விளக்கு ஒன்று மேலே, சற்று முன்தள்ளி. பக்கங்களுக்கு வெள்ளை அட்டை இரண்டு. தூரிகை பெரும்பாலும் மேலிருந்து வரும் வெயிலைத்தானே தீட்டியிருக்கிறது, நம் விளக்கும் அந்தத் திசையிலேயே நிற்கட்டும். ஜன்னல் வெளிச்சத்தையும் மஞ்சள் பல்பையும் கலக்கவே கூடாது. பகல் ஒளி 5500 கெல்வினை ஒட்டி இருக்கும், மஞ்சள் பல்பு 2700. ஒரு கன்னம் நீலம் பாயும், மறு கன்னம் ஆரஞ்சு பாயும், எந்த ஒயிட் பேலன்ஸும் இரண்டையும் ஒருசேரத் திருத்தாது. எல்இடி வாங்கும்போது, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவான சிஆர்ஐ 90க்கு மேல் என்று பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். மட்டமான விளக்கில் சிவப்பு செத்துப்போகும், தோல் நிறம் சாம்பல் பூத்துவிடும்.

பின்னணியும் வெளிச்சத்தின் கதைதான். வெள்ளைச் சார்ட்டின் முன் வைத்தால், கேமரா அந்த வெள்ளையைச் சாம்பல் என்று எண்ணி மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். எக்ஸ்போஷரை ஒரு படி கூட்ட வேண்டும். சாம்பல் நிறச் சார்ட் போட்டால் அந்தத் தொல்லையே இல்லை.

கேமராவுக்கு வேலையே இல்லையா என்று கேட்கலாம். கலங்கிய வாள் முனை வெளிச்சத்தின் குற்றமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது விலையின் குற்றமும் இல்லை, நெருக்கத்தின் குற்றம். 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சாரில் பொம்மை பாதி அளவுக்கு விழும்படி நெருங்கி, எஃப் 8இல் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். மூக்கு தெளிந்தால் காது கலங்கும். பின்வாங்கி ஐந்தில் ஒரு பங்கு அளவாக எடுத்தால் 14 மில்லிமீட்டர் கிடைக்கும். பிறகு வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம். போனுக்கும் இதே மருந்து. மூக்கருகே போய் எடுத்தால் நீட்டிய வாள் பூதாகரமாகித் தலை சிறுத்துவிடும். அப்பர்ச்சரை எஃப் 22 வரை இறுக்கினாலும் பயனில்லை, படம் முழுவதுமே மங்கத் தொடங்கும். பொம்மை அசையாது என்பதையும் மறக்க வேண்டாம். ட்ரைபாடில் வைத்து, ஐஎஸ்ஓ 100இல், டைமர் போட்டு ஒரு முழு நொடி ஷட்டர் திறந்திருக்கலாம். உயிருள்ள எதுவும் நமக்கு அவ்வளவு அவகாசம் தராது.

மென்மையான ஒளியில் படம் சப்பென்று இருக்கும், நாடகத்தன்மை வேண்டாமா என்பது இன்னொரு கேள்வி. உலோகத்தூள் பெயிண்ட் அடித்த பொம்மைக்கு இதில் நியாயம் உண்டு. அந்தத் துகள் ஒளியைத் திருப்பி அடித்தால்தான் உலோகமாகத் தெரியும். அங்கே துணி போர்த்திய விளக்கு ஒன்றைப் பக்கத்தில் நகர்த்தி வைக்கத்தான் வேண்டும். மற்றபடி, நாடகம் வேண்டும் என்று நினைத்தவர் அதைத் தீட்டியே இருப்பார். கையிலிருக்கும் தீப்பந்தத்தின் செம்மை தாடையின் அடியில் படிந்திருக்கும். நாம் அங்கே நிஜமான ஆரஞ்சு விளக்கு வைத்தால் அவர் செய்தது எது, நாம் செய்தது எது என்று யாருக்குத் தெரியும்? கட்டைவிரல் பொம்மையைத் திரை அளவுக்கு ஊதிப் பெரிதாக்கிக் குறை காண்பது அநியாயம் என்பவர்களின் வருத்தமும் எனக்குப் புரிகிறது. அந்த அநியாயத்தைப் பாதியாவது குறைப்பது மென்மையான ஒளிதான். பக்கவாட்டுக் கடும் ஒளியில் ஒவ்வொரு பெயிண்ட் திட்டும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். பரந்த ஒளியில் அது நிறமாகவே அடங்கியிருக்கும். எடுத்த பிறகு செயலியில் சரிசெய்யலாம் என்பதை மட்டும் நம்பாதீர்கள். வெளிறி வெள்ளையாகிப்போன நெற்றியில் தகவலே இல்லை. இல்லாததை எந்தச் செயலி மீட்கும்?

இவ்வளவும் அமைத்த பிறகு விளக்கைத் தொடாதீர்கள், பொம்மையைத் திருப்புங்கள். முதுகையும் ஒரு படம் எடுங்கள். மேலங்கி விரிந்து கிடப்பது அங்கேதான். நீங்கள் அதிக நேரம் தீட்டியதும் அதைத்தான்.